யாரு ஜெயிச்சா என்னவா?

உள்ளாட்சித் தேர்தல் ரிசல்ட்ல யாரு ஜெயிச்சா என்ன, எல்லாம் ஒண்ணுதான்னு கட்டுரையில எழுதிருக்கீங்க, அதை மட்டும் என்னால ஏத்துக்கவே முடியல சார். எனக்கு உசிலம்பட்டி பக்கம். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில தலைவர் பதவி பட்டியல் சாதி மக்களுக்கான தனித்தொகுதி ஆனதுக்காக 1996லருந்து பத்து வருசம் தேர்தலை நடத்தவிடாம செஞ்சாங்க, ஜெயிச்சவங்கள உடனே ராஜினாமா பண்ண வச்சாங்க, 2006லதான் ஒழுங்கா நடந்துச்சு. மேலூர் பக்கம் மேலவளவுல 1997ல ஜெயிச்ச தலைவரையே வெட்டிக் கொன்னாங்க. ஒண்ணுமில்லாத பதவிக்கா இம்புட்டும் நடக்கும்?

2019 டிசம்பர்ல எங்க மதினி வார்டு உறுப்பினருக்கு நின்னாங்க. கட்சி சின்னம் கிடையாது, பூராம் வாக்குச்சீட்டுதான், ஒரு ஆளுக்கு நாலு ஓட்டு, தலைவருக்கு ரோஸ் கலரு, ஒன்றியத்துக்கு பச்சைன்னு எங்க அப்பத்தாவுக்கு ரெண்டு நாளா சொல்லிக் குடுத்தோம். ஜனவரி 2ந்தேதி எண்ணுறப்ப ராத்திரி வரைக்கும் வாசல்லயே நின்னோம், கடைசில பதினோரு ஓட்டுல ஜெயிச்சாங்க, பதினோரு பேருங்க! எங்க தெருவுல நாலு வீட்டு ஓட்டு அது. ஜெயிச்ச மூணாவது மாசமே கிழக்குத் தெரு அடிபம்பு சரியாச்சு, அதுக்கு முன்னாடி பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு ரோட்டைத் தாண்டிப் போகணும்.

2025 ஜனவரி 5ஓட அவங்க பதவிக்காலம் முடிஞ்சு ஊராட்சி, அரசாங்கம் போட்ட அதிகாரியான தனி அலுவலர் கைக்குப் போச்சு. அதுக்கப்புறம் தெருலைட்டு எரியலன்னு சொல்லக்கூட ஆளைத் தேடி ஒன்றிய ஆபீசுக்கு பஸ் ஏறிப் போனோம், அவரு வேற ஊரு பாக்கப் போயிருக்காருன்னு திருப்பி அனுப்புனாங்க. மதினியா இருந்தா வீட்டு வாசல்ல நின்னு கூப்புட்டுருப்போம்.