ஸ்டோன்வேர் வேறு, கல்சட்டி வேறு

"ஸ்டோன்வேர் என்பது நம் கல்சட்டிதான், நேரடியாக கேஸ் அடுப்பில் ஏற்றலாம்" என்று ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் செய்தி தவறானது. கல்சட்டி மாக்கல்லைக் குடைந்து செய்யப்படுவது. முறையாகப் பழக்கிய பின் அடுப்புத் தீயைத் தாங்கும். ஸ்டோன்வேரோ ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸில் சுடப்பட்ட களிமண். அத்தனை சூட்டில் வெந்தது கேஸ் தீக்கு அஞ்சுமா என்ற கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆனால் சூளையில் வெப்பம் எல்லாப் பக்கமும் மெல்ல ஏறுகிறது, அடுப்பிலோ அடிப்பகுதி மட்டும் சட்டென விரிய, விளிம்பு குளிர்ந்தே இருப்பதால், அந்த இழுபறியில் பாத்திரம் விரிசல் விடுகிறது.

ஸ்டோன்வேருக்குரிய இடம் ஓவன். காசிமேட்டில் வாங்கிய இரண்டு வஞ்சிரத் துண்டுகளை மசாலா தடவி, சிறிய ஸ்டோன்வேர் பாத்திரத்தில் நறுக்கிய தக்காளி வெங்காயத்தின் மேல் அடுக்கி, மூடியிட்டு, 180 டிகிரியில் சுமார் 25 நிமிடம் வேகவிட்டால், மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகத் திரளும் நீர் மீனின் மேலேயே சொட்டுவதால் துண்டுகள் வறண்டுபோவதில்லை. சிறிய பாத்திரத்தின் முழுப் பயனும் இங்கேதான் தெரியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாத்திரத்தை அப்படியே சூடான ஓவனுக்குள் தள்ள வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரமான கிரானைட் மேடையில் இறக்காமல், மடித்த உலர்ந்த துணியின் மீது வைக்கவும்.