வரி கட்டாத சைக்கிளுக்கு மலைப்பாதையில் இடமில்லையா?

“சைக்கிள்காரன் சாலை வரி கட்டுவதில்லை, கல்லட்டி மலைப்பாதையில் ஹாரன் அடித்தால் ஒதுங்கியே ஆகவேண்டும்” என்று ஊட்டிப் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முதல் பாதி சரி, மறுபாதி கதை.

தமிழ்நாட்டில் வாகன வரி, 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி மோட்டார் வாகனத்துக்கானது. சைக்கிளில் மோட்டார் இல்லை, வரியும் இல்லை. அந்த வரி சாலையில் நுழைய வாங்கும் டிக்கெட்டும் அல்ல. சைக்கிள்காரர் டயர் வாங்கும்போது ஜிஎஸ்டி கட்டத்தான் செய்கிறார்.

கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுபவர் எழுந்து நின்று மிதித்தாலும் நடைவேகம்தான். ஓரத்துச் சரளையில் ஒதுங்கினால் சக்கரம் வழுக்கும். குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று மோட்டார் ஓட்டுநர்களுக்கே விதி இருக்கிறது. அப்புறம், இறக்கத்தில் வளைவை வெட்டி எதிர்ப்பக்கம் பாயும் சைக்கிள்காரர்களும் உண்டு; அது தப்புதான்.