மூட்டைப்பூச்சிக்கு வீட்டைக் கொளுத்தலாமா?

எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக் கூலி இரண்டு வாரம் தள்ளிப்போனாலே மளிகைக்கடை நோட்டில் தெரிந்துவிடும். பெரியம்மா பெயருக்கு எதிரே பாக்கி ஏறிக்கொண்டே போகும். அப்புறம் கடைக்காரர் அரை லிட்டர் எண்ணெய் கேட்டால் கால் லிட்டர்தான் தருவார். மேற்கு வங்கத்தில் மூன்று வருடத்துக்கும் மேலாக அந்த வேலையே இல்லாமல் போனது.

2022 மார்ச்சில் ஒன்றிய அரசு அங்கே பணத்தை நிறுத்தியது. காரணம், முறைகேடு. அது பொய்யில்லை. ஹூக்ளி, மால்டா, கிழக்கு பர்தமான், டார்ஜிலிங் மலைப்பகுதி ஆகிய இடங்களில் குளறுபடி பிடிபட்டது. புகார் வந்தால் பணத்தை நிறுத்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் 27ஆவது பிரிவும் இடம் தந்தது. ஆனால் அதே பிரிவு, நியாயமான காலத்துக்குள் கோளாறைச் சரிசெய்யவும் சொன்னது. டெல்லி முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டது. நாலு இடத்துத் தப்புக்கு மாநிலம் முழுக்கப் பட்டினி!

விவசாயக் கூலிகளின் சங்கமான பஷ்சிம் பங்கா கேத் மஜூர் சமிதி வழக்குப் போட்டது. 2025 ஜூன் 18 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றம், ஆகஸ்ட் 1 முதல் திட்டத்தைத் தொடங்கச் சொன்னது. அமர்வுக்குத் தலைமை டி.எஸ்.சிவஞானம், நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர்தான். விசாரணையை நடத்து, கூடுதல் நிபந்தனை வேண்டுமானாலும் போடு, ஆனால் திட்டத்தைக் காலாகாலத்துக்கும் கிடப்பில் போடச் சட்டத்தில் இடமில்லை என்பதுதான் சாரம். ஒன்றிய அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

"செலவு விஷயத்தில் கோர்ட்டுக்கு என்ன வேலை?" என்று ஒரு நண்பர் கேட்டார். சரி, நீதிபதிகளே பட்ஜெட் போட ஆரம்பித்தால் நானும் எதிர்ப்பேன். இங்கே அவர்கள் புதிதாக எந்தத் திட்டத்தையும் கொண்டுவரவில்லையே! வேலை கேட்பவருக்கு வேலை என்று 2005இல் சட்டம் போட்டது நாடாளுமன்றம். அதை முடக்கி வைத்தது அமைச்சகம். அதைக்கூடக் கேட்கக் கூடாதென்றால் கோர்ட் எதற்கு?

எனக்குக் குறை வேறு. தீர்ப்பு வரவே மூன்று வருடம் ஆனது. வந்த தீர்ப்பும் இனிமேல் வரும் நாட்களுக்குத்தான். அதற்குள் டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதில் வேறு சட்டமே வந்துவிட்டது, அது தனிப் பஞ்சாயத்து.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கு மூணு வருசம் எந்தக் கடையில கடன் குடுத்தாங்க?" என்றார்.