எம்பிரஸ் பிளேஸைக் கட்டியது யார்?

அந்தக் காணொளியை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரில் எம்பிரஸ் பிளேஸ் கட்டடத்தில் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் முன்னால் நின்று ஒருவர், "வெள்ளைக்காரன் கட்டினது, எப்படி நிக்குது பாருங்க" என்கிறார். நம்ம ஆள்தான், தமிழில்தான் பேசுகிறார். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் என்று கீழே எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். "கைதி கதையெல்லாம் எதுக்குங்க, நமக்குத்தான் அசிங்கம்" என்று பதில் வந்தது. அப்புறம் பார்த்தால் என் பின்னூட்டத்தையே காணோம்.

யாருக்கு அசிங்கம்?

வரைபடம் போட்டவர் மக்நேர், காலனி அரசின் பொறியாளர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1864 முதல் 1867 வரை அங்கே சுவர் எழுப்பியவர்கள் கைதிகள். 1825 முதல் கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள், மதராஸ் மாகாணத்து ஆட்களும் அதில் உண்டு. இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானா அவர்கள் உழைப்பு. செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் உழைப்பு. அந்தத் தேவாலயத்தின் உட்சுவரில் இருப்பது நம் ஊர்ச் சுண்ணாம்புப் பூச்சு: முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தது. இந்தக் கைதிகளைப் பற்றி மக்நேரே இன்னொருவரோடு சேர்ந்து 1899இல் புத்தகம் வெளியிட்டார். அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

"கொலைகாரனும் கொள்ளைக்காரனும்தானே" என்பீர்கள். இருக்கட்டும். அதனால் அவர்கள் செங்கல் சுமந்தது பொய்யாகிவிடுமா? "எல்லாவற்றிலும் இனத்தை இழுக்கிறாய்" என்று உள்பெட்டியில் ஒருவர் எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரன் கட்டினான் என்றபோது அவருக்கு உறுத்தவில்லை.

முன்பு அந்தக் கட்டடத்தில்தான் பிறப்பு, இறப்புப் பதிவகம் இருந்தது. என் பிறப்பைப் பதிய அப்பா அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அங்கே வரிசையில் நின்றார். "துரைமார் இருந்த இடம்மா, உள்ளே கால் வைக்கவே பயமா இருந்துச்சு" என்பார். செருப்பை வாசலில் கழற்றலாமா என்று யோசித்தாராம். அந்தத் தூண்களுக்குப் பின்னால் இருப்பது அவர் ஊர்ப்பக்கத்து ஆட்களின் உழைப்பாகவும் இருக்கலாம் என்று கடைசிவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கே பின்னாளில் படித்துத்தான் தெரிந்தது, அப்போது அவர் இல்லை.

அதனால்தான் தாங்க முடியவில்லை. காணொளி போட்ட தம்பி மீதுகூட எனக்குப் பெரிய கோபம் இல்லை, அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் "அசிங்கம்" என்ற அந்தப் பதிலுக்கு விருப்பக்குறி போட்டவர்களில் என் நண்பர்கள் இருக்கிறீர்கள். தமிழாசிரியர்களும் இருக்கிறீர்கள். நாளைக்குப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போவீர்கள். அந்தச் சுவரைக் காட்டி அவர்களிடம் என்ன சொல்லப்போகிறீர்கள்?