நம்பர் சொல்லுங்க

போன மாதம் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்குப் போன். தூரத்து உறவு, எனக்குத் தங்கை முறை. "அக்கா, பெரியப்பா மிலிட்டரிதானே, அவர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்றியா? ஆனா நான் கேட்டேன்னு சொல்லாத" என்றாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், யார் என்று தேட வேண்டாம்.

கல்யாணமாகி இரண்டு வருடம். மாப்பிள்ளை ஆர்மியில் ஒன்பது வருடம் கமாண்டோவாக இருந்தவர், காஷ்மீரில் காலில் குண்டு பட்டு வெளியே வந்தவர் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். காலில் தழும்பு இருக்கிறது. பென்ஷன் மட்டும் இல்லை. கேட்டால், "ஃபைல் டெல்லியில நிக்குது, அது சீக்ரெட் ஆபரேஷன், வெளிய பேச முடியாது" என்பாராம். இவளிடம் "கார்கில்ல இருந்தேன்" என்பவர், மச்சான்கள் கூடி உட்கார்ந்தால் "கார்கில் சண்டையில இருந்தேன்" என்பார். கார்கிலில் இருந்திருக்கலாம். அது ஒரு ஊர், இன்றைக்கும் அங்கே பட்டாளம் இருக்கிறது. ஆனால் சண்டை நடந்தது 1999 மே முதல் ஜூலை வரை. மாப்பிள்ளை பிறந்தது 1987. ஜாதகத்திலேயே எழுதியிருக்கிறது. பத்துப் பொருத்தம் பார்த்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

"நாட்டுக்காக அடிபட்டவரைச் சந்தேகப்படுறது பாவமாக்கா?" என்று அழுதாள். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். பேங்க் வேலை என்று சொல்லியிருந்தால் எந்தக் கிளை என்று அவள் அப்பா நேரிலேயே போய்ப் பார்த்திருப்பார். பட்டாளம் என்றதும் எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டு விட்டுவிட்டார்கள்.

நாங்கள் வேலூர் பக்கம். கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் உள்ள மாவட்டம். இங்கே இப்படிப் பொய் சொல்லிவிட்டு ஒரு வாரம் தாங்க முடியாது. டீக்கடையில் நாலு ரிட்டயர்டு ஹவில்தார்கள் உட்கார்ந்திருப்பார்கள். எந்த யூனிட், எந்த ட்ரெயினிங் சென்டர், அப்போது சுபேதார் மேஜர் யார் என்று கேட்டே கதையை முடித்துவிடுவார்கள். அவள் வாக்கப்பட்ட ஊரில் அப்படி ஒருவர்கூட இல்லை.

என் அப்பா பதினேழு வருடம் ஏ.எஸ்.சி.யில், அதாவது ஆர்மிக்குச் சரக்கு கொண்டுபோகும் பிரிவில், டிரைவர். ஸ்ரீநகரிலிருந்து சோஜிலா கணவாய் ஏறி லே வரை மூணு டன் லாரி ஓட்டியவர். யாராவது வீரக்கதை கேட்டால் "வண்டி ஓட்டுனேன், பனியில மாட்டுனேன், திரும்பி வந்தேன்" என்று முடித்துவிடுவார். வீட்டில் இன்னும் அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கிறது, மேலே வெள்ளைப் பெயின்டில் நம்பரும் பெயரும். என் பிறந்தநாள் அவருக்கு மறந்துபோகும். ஆர்மி நம்பர், அதாவது சிப்பாயின் அடையாள எண், மறக்காது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்.

அதனால் அவர் கேட்ட முதல் கேள்வியே "நம்பர் என்னவாம்?" என்பதுதான். பேச்சுவாக்கில் கேட்பதுபோல் அவள் கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளை தடுமாறாமல் சொல்லிவிட்டார். அப்பாவுக்கே குழப்பம். "அப்ப பொய்யில்ல, போயிருக்கான்" என்றார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூட வந்தது.

அப்புறம் யோசித்து ஒவ்வொன்றாகச் சொன்னார். சாதாரண சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் பதினைந்து வருட சர்வீஸ் வேண்டும். ஆனால் சண்டையில் காயம்பட்டு அதனாலேயே வெளியே அனுப்பப்பட்டால் இந்த வருடக் கணக்கு கிடையாது, அதற்குத் தனிப் பென்ஷன் உண்டு. குண்டும் பட்டது, பென்ஷனும் இல்லை என்றால் நிச்சயமாக விசாரிக்க வேண்டும். (2022-க்குப் பிறகு அக்னிவீரராகப் போய் நாலு வருடத்தில் வருகிறவர்களுக்குப் பென்ஷனே கிடையாது, அந்தப் பிள்ளைகளை இதில் சேர்க்காதீர்கள்.) ரகசியம் என்றதற்கு அப்பா சிரித்தார். "ரகசிய வேலை பாத்தவனுக்கும் சம்பளம் பேங்க்லதாம்மா வரும். அவனுக்கும் வெளிய வரும்போது குடுக்குற டிஸ்சார்ஜ் புக் உண்டு, கேன்டீன் கார்டு உண்டு. வீட்டுக்காரிகிட்ட மறைக்க அதுல என்ன இருக்கு?"

பட்டாளத்தான் மனைவி இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்வீஸில் இருக்கும்போது கல்யாணம் என்றால் யூனிட்டின் பதிவு உத்தரவான பார்ட் டூ ஆர்டரில் மனைவி பெயர் ஏற வேண்டும். வெளியே வந்தபின் கல்யாணம் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சொல்லி, சிப்பாய்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் வரைக்கும் பெயரைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குக் குடும்ப பென்ஷனுக்கு அலைய வேண்டியது அவள்தான். ஆகவே "நீங்க நிஜமா மிலிட்டரியா?" என்று கேட்கத் தேவையே இல்லை. "என் பேரைச் சேர்க்கணும், டிஸ்சார்ஜ் புக்கை எடுங்க, நாளைக்கு ஆபீஸுக்குப் போவோம்" என்றால் போதும். இது உரிமை, இதில் அவமானப்படுத்துவது எங்கே இருக்கிறது? என் அம்மா கல்யாணமான மூன்றாம் மாதமே கேட்டு வாங்கிப் பார்த்தாராம். அப்பா இன்றைக்கும் அதைப் பெருமையாகத்தான் சொல்வார்.

கார்டை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் மட்டும் நம்பாதீர்கள். ஆர்மிக்காரன், டிரான்ஸ்பர் வந்துவிட்டது, பைக்கை மலிவாகத் தருகிறேன் என்று பணம் பறிக்கிற கும்பல்கள் யாரோ ஒரு ஜவானின் கார்டு போட்டோவைத்தான் காட்டுகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். எல்லாமே "மிலிட்டரி"தான். அவை உள்துறையின் கீழ் வருபவை. அங்கே இருந்தவர் மிலிட்டரி என்று சொன்னால் அது பொய் இல்லை, வழக்கம். சமையலறையில் இருந்தவர், முடிவெட்டியவர், கிளார்க்காக இருந்தவர் எல்லோருமே சிப்பாய்கள்தான். அவர்களில் சிலர் கூச்சப்பட்டு ஒரு துப்பாக்கியைக் கதையில் சேர்த்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு அவர்களை விட, டிரைவர் என்றதும் "அவ்வளவுதானா?" என்று முகம் சுளிக்கிற நாம்தான் காரணம். இது என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்.

அவள் டிஸ்சார்ஜ் புக்கைக் கேட்டாள். இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை, பேசவில்லை. மூன்றாம் நாள் சொல்லிவிட்டார். ஆளெடுப்பில் தேறியது உண்மை. மாலை போட்டு, மேளம் வைத்து ஊர் அனுப்பியது உண்மை. நீலகிரியில் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் ஏழு மாதம் ட்ரெயினிங். தேறமாட்டார் என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்ப முகமில்லாமல் புனேயில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக எட்டு வருடம் நின்றிருக்கிறார். தழும்பு அங்கே பைக்கிலிருந்து விழுந்தது. நம்பர் மட்டும் நிஜம். சேர்ந்ததுமே கொடுத்துவிடுவார்கள் இல்லையா.

அப்பாவிடம் சொன்னேன். "ஏழு மாசம் அந்தக் குளிர்ல ஓடியிருக்கானே, அதையாவது நேரா சொல்லியிருக்கலாம்" என்றார். எனக்கு அந்த அளவுக்கு இரக்கம் வரவில்லை. டெல்லி ஃபைலை நகர்த்த வக்கீலுக்குக் கொடுக்கணும் என்று அவளுடைய நாலு பவுன் செயினை வாங்கி அடகு வைத்திருக்கிறார். ஊர் கேலிக்குப் பயந்து சொன்ன பொய்யில் இந்தச் செயின் எங்கே வந்தது?

இப்போது அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். அவர் தினமும் போன் செய்கிறார். முதலில் அடகுச் சீட்டு கைக்கு வரட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறாள்.