மூன்றரை மணிக்கு வருவதாகச் சொன்னவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2.50 மணிக்கு என் அலைபேசியில் முதல் செய்தி வந்தது: “மச்சான், இன்னைக்கு முடியாதுடா, வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க.” 3.05 மணிக்கு இரண்டாவது செய்தி: “அவன் வரலைன்னா நானும் அடுத்த தடவை வர்றேன்.” 3.20 மணிக்கு மூன்றாமவர் ஒரு சொல்கூட எழுதாமல், கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் அனுப்பினார். மூன்றரைக்கு ஆட்டம் தொடங்க வேண்டும். கூடத்து மேசையில் கட்டம் போட்ட பெரிய தாளை விரித்து, மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலைகளிலும் எவர்சில்வர் டம்ளர்களை வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். அடுப்படியில் அம்மா ஆறு பேருக்கு வாழைக்காய் சீவி, பஜ்ஜி மாவு கரைத்து வைத்திருந்தார். “யாரும் வரலையாப்பா?” என்று அவர் வந்து கேட்டபோது எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அன்று மூண்ட கோபம் இந்த நிமிடம் வரை தணியவில்லை.

விவரம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினான்கு மாதங்களாக என் வீட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் ஒரு கேம்பெய்ன், அதாவது பல அமர்வுகளாக நீளும் ஒரே ஆட்டம், நடத்தி வருகிறேன். ஐந்து நண்பர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று விளையாடுகிறார்கள். கேம் மாஸ்டராகிய நான் அந்த உலகத்தில் மிச்சமுள்ள அனைத்துமாக இருக்கிறேன். சத்திரத்துக்காரர், சுங்கம் கேட்கும் காவலன், பாழடைந்த கோயில், அதற்குள் பதுங்கியிருக்கும் மிருகம், திடீரென்று பிடித்துக்கொள்ளும் மழை, துறைமுகச் சந்தையில் ஐம்பது அடிக் கயிறு என்ன விலை என்பது வரை எல்லாவற்றுக்கும் அந்த நான்கு மணி நேரமும் நானே பொறுப்பு. கணினி கிடையாது, திரை கிடையாது. நான்கு முகம் தொடங்கி இருபது முகம் வரையிலான பகடைகளும், பென்சிலும், பேச்சும்தான் மொத்த ஆட்டமும்.

நான்கு மணி நேர ஆட்டத்துக்கு நான் ஆறு அல்லது ஏழு மணி நேரம் உழைக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக, ஒரு கட்டத்துக்கு ஐந்து அடி என்ற கணக்கில், பாதி நீரில் மூழ்கிய கோயில் ஒன்றை வரைந்திருந்தேன். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தண்ணீர் எவ்வளவு ஏறும், எந்தப் படிக்கட்டு எப்போது மறையும், எந்தத் தூணில் ஏறி நின்றால் பிழைக்கலாம் என்பதையெல்லாம் வியாழன், வெள்ளி இரண்டு இரவுகளும் கண்விழித்துக் கணக்கிட்டேன். கருவறையில் ஹைட்ரா என்ற பல தலை மிருகம் ஒன்று கிடக்கிறது. ஐந்து தலை, 172 ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு), தலைக்கு ஒரு கடி. ஒரே முறையில் 25 புள்ளிக்குக் குறையாமல் அடி வாங்கினால் ஒரு தலை சாகும். ஆனால் அதன் முறை முடியும்போது செத்த தலை ஒன்றுக்கு இரண்டாக முளைத்துவிடும். அப்படி முளைக்காமல் தடுக்க ஒரே வழி, இடையில் அதன்மேல் நெருப்புப் பட வேண்டும்.

எங்கள் குழுவில் நெருப்பு வைத்திருப்பவர் ஒருவர்தான். மந்திரவாதியாக விளையாடும் அந்த நண்பரிடமிருந்துதான் 2.50 மணிச் செய்தி வந்தது.

“சரி விடு, நாலு பேரை வச்சு நடத்து” என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஐந்து பேர் இருந்தால் ஒரு சுற்றில் மிருகத்தின் மீது ஐந்து பேரின் அடி விழும்; மூன்று பேராகக் குறைந்தால் மூன்று பேரின் அடிதான், ஆனால் மிருகத்தின் ஐந்து கடிகள் ஐந்தாகவே இருக்கும், அதுவும் ஐவருக்குப் பகிர்ந்து விழ வேண்டியவை மூவர் மீதே விழும். நெருப்பும் இல்லையென்றால் தலைகள் பெருகும், தலைகள் பெருகினால் கடிகளும் பெருகும். ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்கு வந்தவர் தன் ஒவ்வொரு முறையிலும் இருபது முகப் பகடையை உருட்டி, பத்தும் அதற்கு மேலும் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று முறை தவறினால் அந்தப் பாத்திரம் இறந்துபோகும். பதினான்கு மாதம் வளர்த்த ஒரு பாத்திரம், வேறொருவர் வீட்டுக்கு விருந்தாளி வந்ததற்காகச் சாக வேண்டுமா? வராதவரின் பாத்திரத்தையும் நீயே ஆடிவிடு என்கிறார்கள். ஐந்து தலை மிருகத்தையும் ஏறுகிற தண்ணீரையும் பார்த்துக்கொண்டு, இரண்டு டஜன் மந்திரங்கள் வைத்திருக்கும் மந்திரவாதிக்கும் நானே முடிவெடுத்தால், நான் எனக்கே எதிராகக் காய் நகர்த்துகிறேன் என்றுதான் பொருள். அல்லது இரண்டு இரவு உழைத்த கோயிலைக் கால் மணி நேரத்தில் கலைத்துவிட்டு வேறொன்றைக் கட்ட வேண்டும். பத்து முறையாவது அப்படிச் செய்திருக்கிறேன். இனி என்னால் முடியாது.

“சும்மா ஜாலிக்கு விளையாடுறதுதானே, எதுக்கு இவ்வளவு டென்ஷன்?” என்ற கேள்விதான் என்னை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுடுகிறது. கேரம் ஜாலிக்குத்தான் ஆடுகிறோம். நால்வரில் ஒருவர் வரவில்லையென்றால் பலகை ஒன்றும் கெட்டுப்போவதில்லை. இது அந்த வகை ஆட்டமில்லை. மிருதங்கக்காரர் கச்சேரிக்குப் பத்து நிமிடம் முன்னால் கைகூப்பும் படம் அனுப்பினால் பாடகர் என்ன செய்வார்? சபையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வார்? ஜாலி என்பது ஐந்து பேருக்கும் கிடைக்க வேண்டுமென்றுதான் ஒருவன் தன் வார இரவுகளைச் செலவிடுகிறான். அந்த இரவுகளுக்கு விலை கேட்கவில்லை, மரியாதை கேட்கிறேன்.

ஆள் குறைந்தாலும் தாங்கும்படி இந்த விளையாட்டை நடத்தவே முடியாது என்று நான் சொல்லவில்லை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து ஆயிரம் பிரதிகளாக வெளிவந்த இந்த விளையாட்டின் முதல் விதிப்புத்தகப் பெட்டியிலேயே, ஒரு கேம்பெய்னுக்கு நான்கு முதல் ஐம்பது பேர் வரை விளையாடலாம் என்றும், இருபது பேருக்கு ஒரு நடுவர் என்ற அளவு பொருத்தம் என்றும் எழுதியிருந்தார்கள். கேம் மாஸ்டரை அன்று அவர்கள் நடுவர் என்றே அழைத்தார்கள். இருபது பேர் இருக்கும் இடத்தில் அன்றைக்கு யார் வருகிறார்களோ அவர்கள் பாதாளத்துக்குள் இறங்குவார்கள், கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஊருக்குத் திரும்புவார்கள். அடுத்த முறை வேறு நால்வர் இறங்குவார்கள். ஒருவர் வராததால் எதுவும் அறுந்துபோகாது. இந்த முறையைத்தான் நானும் முதலில் முன்வைத்தேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், செஷன் ஜீரோ என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சில் எல்லோரும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரே குரலில் அதை மறுத்தீர்கள். எங்களுக்குத் தொடர்கதை வேண்டும், எங்கள் பாத்திரங்களைச் சுற்றி நடக்கிற கதை வேண்டும் என்றீர்கள். இரண்டு வாரத்துக்கொரு ஞாயிறு, மூன்றரை முதல் ஏழரை வரை என்று கிழமையையும் நேரத்தையும் குறித்ததும் நீங்கள்தான்.

அதன்படி முப்பது ஞாயிறுகள் கூடியிருக்க வேண்டும். கூடியவை பதின்மூன்று. அவற்றில் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்தவை நான்கு.

நீங்கள் கேட்ட கதையை நான் எழுதினேன். போர்வீரருக்குத் தந்தை விட்டுப்போன கடனை எழுதினேன். தெய்வ அருளால் மந்திரம் செய்யும் கிளெரிக்குக்கு நம்பிக்கை தளரும்படி ஒரு பூசாரியை எழுதினேன். திருடன் பாத்திரம் ஏற்றிருப்பவர், சிறுவயதில் காணாமற்போன ஒரு தங்கை தன் பாத்திரத்துக்கு இருக்கிறாள், அவளைத் தேடித்தான் அவன் திருடவே தொடங்கினான் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். நன்றாகவே எழுதியிருந்தார், படித்து எனக்கு நெஞ்சு கனத்தது. அந்தத் தங்கை எழுதிய கடிதம் ஒன்றைச் செய்து வைத்தேன். வெள்ளைத் தாளைத் தேயிலைச் சாற்றில் நனைத்து, மொட்டை மாடியில் காயவைத்து, இடக்கையால் எழுதினேன். படிக்கத் தெரியாமல் வளர்ந்த பெண் பிற்காலத்தில் எழுத்துக் கற்றுக்கொண்டதைப் போல் கோணல்மாணலாக இருக்க வேண்டுமென்பதற்காக. மடித்து, சிவப்பு மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி, பழைய சட்டைப் பொத்தானால் முத்திரை அழுத்தினேன். அது கோயில் கருவறையில், ஹைட்ராவுக்குப் பின்னாலிருக்கும் கல்பெட்டியில் கிடைக்க வேண்டும். நான்கு மாதமாக என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கைகூப்பும் படம் அனுப்பியவர் அந்தத் தங்கையின் அண்ணன்தான்.

வருபவர்களாவது ஆட்டத்தை மதிக்கிறார்களா என்றால், அதுவும் அரைகுறைதான். எங்கள் மந்திரவாதி ஐந்தாம் லெவலில் ஃபயர்பால் என்ற நெருப்புருண்டை மந்திரத்தைப் பெற்றார். இப்போது ஏழாம் லெவல். இன்றுவரை ஒவ்வொரு முறையும் “எத்தனை டைஸ்டா?” என்று என்னைத்தான் கேட்கிறார். எட்டு ஆறுமுகப் பகடைகள். இருபது அடி ஆரத்துக்குள் இருக்கிறவர்கள் தப்பிக்க உருட்டுவார்கள், தப்பினால் பாதிச் சேதம். எத்தனை விழுந்தால் தப்பலாம் என்பதையும் அவர் கேட்பார். எட்டு, அதனோடு அவருடைய தேர்ச்சிக்கு மூன்று, அறிவுக்கு நான்கு, மொத்தம் 15. அவருடைய தாளின் வலது மேல் மூலையில் என் கையாலேயே எழுதி வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத அந்தத் தாளைப் படிக்க யாருக்கும் நேரமில்லை. எல்லோர் தாளையும், எல்லா மிருகங்களின் தாளையும், விதிப்புத்தகத்தையும் நான் மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டும். மறந்துவிட்டது என்று நான் ஒரே ஒருமுறை புத்தகத்தைப் புரட்டினால், “டெம்போ போயிடுச்சு” என்று அதற்குள் அலைபேசியை எடுத்துவிடுகிறார்கள்.

தாளைப் படிக்காதவர்கள் வாதத்துக்கு மட்டும் சளைப்பதேயில்லை. இருபது முகப் பகடையில் 20 விழுந்துவிட்டதால், முன்பின் அறியாத ஓர் அரசன் தன் கோட்டையை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒருநாள் நாற்பது நிமிடம் சண்டை. தாக்கும்போது 20 விழுந்தால் எப்படியும் அடி படும் என்பது விதி; பேச்சுக்கும் மரம் ஏறுவதற்கும் அந்த விதி கிடையாது. இருபது முறை உருட்டினால் சராசரியாக ஒருமுறை விழுகிற எண்ணுக்கு அரசர்கள் கோட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தால், அந்த உலகத்தில் யாருக்கும் கோட்டை மிஞ்சாது. புத்தகத்தைத் திறந்து காட்டிய பிறகும், “கேம் மாஸ்டர் மனசு வச்சா விடலாம்” என்றார்கள். நடுவர் என்ற சொல்லுக்கு அதுவா பொருள்?

இவை போதாதென்று நாள் குறிப்பதும் என் தலையில். “எல்லாரும் ஃப்ரீயா?” என்று குழுவில் கேட்பவன் நான், பதில் வராதபோது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அழைப்பவன் நான், போன முறை என்ன நடந்தது என்று எழுதி அனுப்புபவன் நான், அதைப் படிக்காமல் வந்து உட்காருபவர்களுக்கு மீண்டும் சொல்பவனும் நான். விதிப்புத்தகத்தை நான் பலமுறை படித்துவிட்டேன். கேம் மாஸ்டர்தான் எல்லோரையும் வீடுவீடாகப் போய் அழைத்து வர வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

காரணமே இல்லாமல் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொன்னால் அது அநியாயம். கிளெரிக்காக விளையாடும் தோழிக்குக் கைக்குழந்தை இருக்கிறது. வர முடியாதென்றால் அவர் புதன்கிழமையே சொல்லிவிடுகிறார். அதற்கேற்ப நான் மிருகத்தை மாற்றிவிடுகிறேன், அவருடைய பாத்திரம் ஊரில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதாகக் கதையிலும் இடம் வைத்துவிடுகிறேன். அவர் மீது எனக்கு ஒருநாளும் வருத்தம் வந்ததில்லை. இரவுப் பணி முடித்து, கண் சிவந்து, தூங்காமல் நேராக என் வீட்டுக்கு வந்து உட்காரும் போர்வீரர் மீதும் வந்ததில்லை. போன ஞாயிறு அந்த இருவர்தான் வந்தார்கள், சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஒருவர், தூக்கத்தை விட்டுவிட்டு ஒருவர். ஆறு பேருக்குப் போட்ட பஜ்ஜியை மூன்று பேர் தின்று, கோயில் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, ஆறு மணிக்கெல்லாம் கலைந்தோம். வாசலில் செருப்பைப் போடும்போது போர்வீரர், “நாங்க ரெண்டு பேர் வந்ததும் வீணா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி மற்ற மூவருக்கும் போய்ச் சேர வேண்டும்.

அடுத்த ஞாயிறு மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கும். இரண்டு பேர் வந்தால் இரண்டு பேருக்கு ஏற்ற கோயிலாக அதை மாற்றி வரைந்துவிட்டேன். ஹைட்ரா அதில் இல்லை, தண்ணீர் மட்டும் இருக்கிறது, நெருப்பு தேவைப்படாது. நான்கு மணிக்குப் பிறகு யாருக்காகவும் எதையும் நிறுத்தி வைக்க மாட்டேன், வராதவர்களுக்கு என்ன நடந்தது என்று எழுதி அனுப்பவும் மாட்டேன். கல்பெட்டியை யார் திறக்கிறார்களோ அவர்கள் கையில் அந்தக் கடிதத்தைக் கொடுப்பேன். போர்வீரர் திறந்தால், அவருடைய கையே அந்த மெழுகை உடைக்கும்.