முதல்வர் காப்பீட்டில் 70 வயது வரம்பு இல்லை

"70 வயதைத் தாண்டினால் தமிழக அரசின் முதல்வர் மருத்துவக் காப்பீட்டில் இருதய சிகிச்சை கிடையாது" என்று சிலர் சொல்வது தவறு. அதில் உச்ச வயது வரம்பே இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும். டெல்டா கிராமங்களில் முதியவர்கள் தடுக்கி நிற்பது இந்தப் பெயரில்தான்: பிள்ளைகள் தனிக் கார்டு வாங்கும்போது அப்பா, அம்மா பெயர் எதிலும் இல்லாமல் விட்டுப்போகிறது. முதலில் பெயரைச் சேருங்கள். பிறகு வருமானச் சான்று, ஆதாரோடு தஞ்சாவூரோ திருவாரூரோ, உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நெஞ்சுவலி வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

டாக்டர் இருதய ஆபரேஷன் வேண்டாம் என்றால், கிரியாட்டினின் அளவு (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் வலு, தானே எழுந்து நடக்கிறாரா என்று பார்த்துச் சொன்னாரா எனக் கேளுங்கள். 75-லும் களை எடுக்கிறவரும் 60-ல் படுக்கையானவரும் ஒன்றல்ல. "வயசாயிடுச்சு" என்பது மட்டுமே காரணமென்றால் ஏற்காதீர்கள்.